பங்களோ பிளிஸ்

பங்களோ பிளிஸ் என்பது அயர்லாந்தில் வெளிவந்த ஆயத்த வீட்டு வரைபடத் தொகுப்பு. ஜாக் ஃபிட்ஸ்சைமன்ஸ் இதை 1971இல் மீத் மாவட்டத்துக் கெல்ஸ் ஊரிலிருந்து சொந்தமாக வெளியிட்டார். முதல் பதிப்பில் 20 வரைபடங்கள் இருந்தன; பின்வந்த பதிப்புகளில் அவை பல மடங்காயின. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன.

1963ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் வந்தபின் வீடு கட்ட அனுமதி வேண்டியிருந்தது, அதற்கு முறையான வரைபடமும் வேண்டியிருந்தது. கட்டடக்கலைஞருக்குக் கொடுக்கும் அளவுக்குக் கிராமத்துக் குடும்பங்களிடம் பணம் இல்லை. புத்தகத்தைப் புரட்டினால் வீட்டின் முகப்புப் படம், அதன்கீழ் அறைகளின் அளவு, மொத்தப் பரப்பு. பிடித்ததன் எண்ணைக் குறித்து முழு வரைபடத் தொகுதியைத் தபாலில் வாங்கி, அனுமதிக்காக உள்ளாட்சி மன்றத்தில் கொடுத்து, உள்ளூர்க் கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குள் குளியலறையே இல்லாமல் வளர்ந்த பலருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் அச்சிட்ட வரைபடத்துக்கு மனையின் வெயிலோ காற்றோ தெரியாது. வெயில் எந்தப் பக்கம் விழுந்தாலும் பெரிய ஜன்னல் சாலையைப் பார்த்தே நின்றது. சாலையோரம் நெடுகிலும் வீடுகள் வரிசைகட்டியதை 1987இல் பத்திரிகையாளர் ஃபிராங்க் மெக்டொனால்ட் ‘தி ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழில் கடுமையாகச் சாடினார். குறை நியாயமானதே; எனினும் அந்தக் குடும்பங்களுக்கு வேறு வழி இருந்ததா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஃபிட்ஸ்சைமன்ஸ் 1980களில் அயர்லாந்து மேலவை உறுப்பினராக இருந்தார்; 2014இல் மறைந்தார்.