விதி ஓரிடம், விலை வேறிடம்: பென்சில்வேனியக் கவுண்டிகளும் வாக்கு இயந்திரங்களும், 2002–2022

இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தேர்தல் ஆணையமே வாங்கி மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அப்படியில்லை. அங்குள்ள 67 கவுண்டிகளும் தனித்தனியே விலை பேசி இயந்திரங்களை வாங்குகின்றன. கிடங்கில் பாதுகாப்பதும் பழுது பார்ப்பதும் அவற்றின் பொறுப்பே. கவுண்டிகளின் சொந்த வருவாயில் முதன்மையானது சொத்து வரி. ஆக, இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று விதிப்பது வாஷிங்டனோ மாநிலத் தலைநகரோ. பணம் கட்டுவது உள்ளூர்க்காரர். 2002-க்குப் பின் இருமுறை நடந்த இயந்திர மாற்றத்தை இந்த இடைவெளியை வைத்தே விளங்கிக்கொள்ள முடியும்.

2000 அதிபர் தேர்தலில் புளோரிடாவில் துளையட்டைகள் கிளப்பிய குழப்பமும், வெற்றியை முடிவு செய்த 537 வாக்குகளும் ஒரு கூட்டாட்சிச் சட்டத்துக்கு வழிவகுத்தன. 2002 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான அச்சட்டம் துளையட்டைக்கும் நெம்புகோல் இயந்திரத்துக்கும் விடைகொடுக்க நிதி அளித்தது. உச்சவரம்பு, வாக்குச்சாவடி வட்டம் ஒன்றுக்கு 4,000 டாலர். 2006 முதல் ஒவ்வொரு சாவடியிலும் மாற்றுத்திறனாளிகள் தாமே வாக்களிக்கத்தக்க கருவி ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. பார்வையற்றவர் பிறர் துணையின்றி வாக்களிப்பது நெடுநாள் உரிமைக் கோரிக்கை; விதியின் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை.

நெம்புகோல் இயந்திரம் 1892-இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட்டில் முதன்முதலாகப் பயன்பட்டது. எண்ணெய் போட்டுப் பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய இரும்பு அது. வெஸ்ட்மோர்லண்ட் கவுண்டியில் சில வாக்காளர்கள் அதைக் கைவிட மறுத்தனர். இயந்திர வகையை மாற்ற உள்ளூர் மக்களின் வாக்கெடுப்பு வேண்டும் என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. மாநில உச்ச நீதிமன்றமோ 2006 மார்ச்சில் தீர்ப்பை மாற்றியது. பணம் கட்டும் ஊரின் சம்மதம் தேவையா என்ற கேள்விக்குக் கிடைத்த விடை அதுதான்.

அப்போது பெரும்பாலான கவுண்டிகள் தொடுதிரை இயந்திரங்களை வாங்கின. அணுகல் விதி நிறைவேறும், வாக்குச்சீட்டு அச்சிடும் செலவும் மிஞ்சும். ஆனால் மறுஎண்ணிக்கைக்குக் காட்ட, வாக்காளர் கண்ணால் சரிபார்த்த தாள் இல்லை. அந்தக் குறையே அவற்றின் ஆயுளைத் தீர்மானித்தது. 2018 ஏப்ரலில் ஆளுநர் டாம் வுல்ஃபின் நிர்வாகம், 2019 டிசம்பர் 31-க்குள் எல்லாக் கவுண்டிகளும் தாள் பதிவு உள்ள முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. 2016 அதிபர் தேர்தலில் பசுமைக் கட்சி வேட்பாளராக நின்ற ஜில் ஸ்டைன் தொடுத்த வழக்கின் உடன்பாடு, அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கட்டளையை உறுதிப்படுத்தியது.

கூட்டாட்சியிலிருந்து வந்தது ஏறத்தாழ 1.35 கோடி டாலர். மாநிலம் சேர்த்தது அதில் ஐந்து விழுக்காடு. 67 கவுண்டிகளின் தேவைக்கு முன் அது சிறு துளி. கவுண்டிகளுக்கு ஈடு கொடுக்கும் மசோதா, கட்சிக்கு ஒரே பொத்தானில் வாக்களிக்கும் முறையை நீக்கும் பிரிவோடு சேர்ந்து வந்ததால், 2019 ஜூலையில் ஆளுநர் அதை நிராகரித்தார். அக்டோபர் 31 அன்று நிறைவேறிய 77-ஆம் சட்டம்தான் கடன்பத்திரம் மூலம் 9 கோடி டாலர் ஒதுக்கியது. கவுண்டியின் செலவில் 60 விழுக்காடு வரை திரும்பும். எஞ்சிய 40 விழுக்காடு கவுண்டியின் தலையில்தான்.

தாளின் மதிப்பு அடுத்த வாரமே தெரிந்தது. நார்த்தாம்ப்டன் கவுண்டியின் புதிய இயந்திரங்கள் நீதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஒருவருக்கு நம்பமுடியாத அளவு குறைந்த வாக்குகளைக் காட்டின. ஊழியர்கள் விடிய விடியத் தாள்களை எண்ணியபோது, 26,000-க்கும் மேல் பெற்று அவரே முந்தியிருந்தார். அந்த இரவுக்காகவேனும் இம்மாற்றத்தின் விலை வீணில்லை என்பேன்.

ஆனால் மானியம் எதுவும் வாங்கும் நாளைத் தாண்டவில்லை. மென்பொருள் உரிமம், தேர்தலுக்கு முந்தைய சோதனை, சாவடிப் பணியாளர் பயிற்சி, கிடங்கு வாடகை ஆகியவை ஆண்டுதோறும் வருபவை. 77-ஆம் சட்டம் காரணம் கேட்காத அஞ்சல் வாக்கையும் அனுமதித்ததால் உறை, தபால், பிரிக்கும் ஆட்கள் என மேலும் செலவு கூடியது. 2022-இல் 88-ஆம் சட்டம் 4.5 கோடி டாலர் மானியத்தைக் கொண்டுவந்தது. பெற்றுக்கொள்ளும் கவுண்டி, தேர்தல் நாள் காலை தொடங்கி அஞ்சல் வாக்குகளை இடைவிடாது எண்ணி முடிக்க வேண்டும். இருபது ஆண்டுகளில், இயந்திரம் வாங்குவதோடு நில்லாமல் தேர்தல் நடத்தும் செலவுக்கே மாநிலம் கைகொடுத்தது அப்போதுதான். அதுவும் ஒரு புதிய விதியோடு.