நாற்காலி அதே... ஆள் வேறு!

கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது 1971-ல். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்காகப் பக்கத்தில் அணுபுரம் என்று ஒரு டவுன்ஷிப்பே பிற்பாடு எழும்பியது. அதே 1971-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸின் முதல் பதிப்பு தயாரானது. நாம் டைப் அடிக்கும் கட்டளையை வாங்கி கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க அதில் ஒரு துபாஷி இருந்தார். பெயர், ஷெல். அவர் நாற்காலியில் தொங்கிய பெயர்ப்பலகையில் இரண்டே எழுத்து: 'எஸ்.ஹெச்.'

1979-ல் அந்த நாற்காலிக்கு ஸ்டீவ் பார்ன் எழுதிய ஷெல் வந்தது. 'இஃப்' என்று ஆரம்பித்ததை, திருப்பிப் போட்டு 'ஃபி' என்று முடிக்கவேண்டும் என்றார் மனிதர். (நம்ம விகடகவி ஞாபகம் வருகிறதா?) அடுத்து 1989-ல் பிரையன் ஃபாக்ஸின் 'பேஷ்'. பழையவருக்குத் தெரிந்ததெல்லாம் இவருக்கும் தெரியும். கூடவே சொந்தமாகச் சில குறுக்குவழிகள். லினக்ஸில் பெரும்பாலும் இவரே நாற்காலியில் அமர்ந்ததால், ஜனங்கள் குறுக்குவழிகளுக்குப் பழகிவிட்டார்கள். 1992-ல் போஸிக்ஸ் என்ற பொதுவிதி வந்தும், எது விதி, எது பேஷின் தனிச்சலுகை என்று யார் பார்த்தார்கள்?

2006 அக்டோபரில் உபுண்டு லினக்ஸ், பேஷை எழுப்பிவிட்டு 'டேஷ்' என்ற ஒல்லி ஆசாமியை உட்காரவைத்தது. காரணம், வேகம். கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது ஷெல்லை அடிக்கடி கூப்பிட வேண்டியிருக்கும். நியாயம்தான். ஆனால்...

அணுபுரத்தில் ஒருவர், குடும்பப் போட்டோக்களை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்து, பிறகு ஒரிஜினலை அழிக்க ஒரு ஸ்க்ரிப்ட் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பி செய்யும் வரியின் கடைசியில் '&>' என்று ஒரு குறி. பேஷுக்கு அதன் அர்த்தம், 'வருகிற செய்திகளையெல்லாம் இந்த ஃபைலில் எழுது'. டேஷ் அதையே இரண்டாக உடைத்துப் படிக்கும்: 'காப்பியைப் பின்னணியில் ஓடவிடு, ஃபைலைக் காலி செய்'. காப்பி முடியக் காத்திராமல் அடுத்த வரிக்கு, அதாவது அழிக்கப் போய்விடும். ஓர் எச்சரிக்கை கிடையாது. மகள் கல்யாணப் படம் காலி!

ஸ்க்ரிப்ட்டின் முதல் வரியில் 'எஸ்.ஹெச்.' என்று பொதுவாகக் கூப்பிடாமல் 'பேஷ்' என்று பெயர் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கும். டெபியன்காரர்கள் நிதானமானவர்கள். பேஷ் பழக்கங்களை மோப்பம் பிடிக்கத் தனிக்கருவியே வைத்துச் சலித்தெடுத்துவிட்டு, 2011-ல்தான் ஆளை மாற்றினார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கு டெபியன்தான் அஸ்திவாரம். ஆகவே இது நம் வீட்டு விவகாரமும்கூட.

2019-ல் ஆப்பிள், மேக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறவர்களுக்குப் புதிய ஷெல் கொடுத்தது. 'எஸ்.ஹெச்.' நாற்காலியில் மட்டும் பழைய பேஷையே விட்டுவைத்தது. உபுண்டு பட்டதைப் பார்த்திருப்பார்கள் போல!