மொபசல் என்னும் சொல்

ஆங்கிலம் பயில்வோர் நாட்டுப்புறத்தைக் குறிக்கும் சொற்களை மனப்பாடம் செய்கையில், கண்ட்ரி, ரூரல், வில்லேஜ் என்பவற்றோடு மொபசல் என்ற சொல்லையும் எப்போதாவது சந்திப்பதுண்டு. இங்கிலாந்தை விட்டு அகலாத ஆங்கிலேயனுக்கு இச்சொல் விளங்காது. இந்தியாவை அரசாண்ட ஆங்கிலேயனுக்கோ இஃதின்றி ஒரு நாளும் காரியம் நடவாது. தமிழ் நேயர்களுக்கு இதனை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. டவுன் பஸ் ஒரு பக்கம், மொபசல் பஸ் மறு பக்கம் என்று கேட்டே நம்மில் பெரும்பாலோர் வளர்ந்தோம்.

இச்சொல் பிறப்பால் அரபுச் சொல். பிரித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து தோன்றி, பிரிக்கப்பட்டது, தனித்தனியே விரித்துரைக்கப்பட்டது என்று பொருள் தந்தது. பாரசீக மொழியின் வாயிலாக அரசாங்க ஏடுகளில் புகுந்தது. 1772ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் நீதிமன்றங்களை ஒழுங்கு செய்தபோது, கல்கத்தாவிலிருந்த தலைமை மன்றத்துக்குச் சதர் திவானி அதாலத் என்றும், மாவட்டங்களில் அமைந்தவற்றுக்கு மொபசல் திவானி அதாலத் என்றும் பெயர் வழங்கிற்று. சதர் என்றால் தலைமையிடம். அதனின்று பிரிந்து கிடப்பது மொபசல். ஆகவே இச்சொல் மண்ணையோ, பயிரையோ, மக்களையோ குறிப்பதன்று. கச்சேரி எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே குறிப்பது.

ஆங்கிலேயர் இந்தியாவில் கையாண்ட சொற்களையெல்லாம் திரட்டிய ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் அகராதி 1886இல் வெளிவந்தது. அதுவும் இதனைச் சார்புச் சொல் என்றே விளக்குகிறது. தலைநகரில் இருப்பவனுக்கு மற்ற மாவட்டங்கள் எல்லாம் மொபசல். மாவட்டத் தலைமையூரில் இருப்பவனுக்குச் சுற்றுக் கிராமங்கள் மொபசல். இந்நூலைத் தொகுத்த இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனையிலிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் வெளிவருமுன்பே, 1882இல் காலமானார். சோழ மன்னரின் தலைநகராய் விளங்கிய தஞ்சையும் அவருடைய அகராதியின்படி மொபசல்தான்!

இதனைச் சொல் விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது. மனிதனின் உரிமையையே இச்சொல் அளந்தது. 1880களின் தொடக்கத்தில், கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று தலைநகரங்களில் மாஜிஸ்திரேட்டாக இருந்த இந்தியர் ஐரோப்பியக் குற்றவாளியை விசாரிக்கலாம். அதே இந்தியர் பதவி உயர்ந்து மொபசலுக்குச் சென்றால் அவ்வதிகாரம் அவரைவிட்டு நீங்கிவிடும். கல்கத்தாவில் மாஜிஸ்திரேட்டாய்ப் பணியாற்றிய பிஹாரிலால் குப்தா என்பார் 1882இல் இம்முரண்பாட்டை அரசாங்கத்துக்கு எழுதிக் காட்டினார். அதன் விளைவாக 1883இல் எழுந்ததே இல்பர்ட் மசோதா. அதனை எதிர்த்து ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளும் வணிகரும் எழுப்பிய கூக்குரலை வரலாறு படித்தோர் அறிவர். முடிவில், 1884இல் நிறைவேறிய சட்டம் ஐரோப்பியருக்கு ஒரு சலுகை தந்தது: பாதிப்பேராவது தம்மினத்தாராய் உள்ள ஜூரியை அவர்கள் கேட்டுப் பெறலாம். ஊரின் எல்லையைத் தாண்டியவுடன் ஒரு நீதிபதியின் தகுதி குறைந்ததென்றால், குறை நீதிபதியிடத்திலா, எல்லை வகுத்தவரிடத்திலா?

இனி, நம்மவர் ஆயிரக்கணக்கில் குடியேறியுள்ள புனேப் பக்கம் வருவோம். பேஷ்வாக்களின் தலைநகராய் இருந்த புனே, 1818இல் அவர்களுடைய ஆட்சி வீழ்ந்த பின்னர்ப் பம்பாய் மாகாணத்தில் மொபசல் ஆயிற்று. ஆயினும் மழைக்காலத்தில் பம்பாய்க் கவர்னர் புனேக்கு வந்து தங்குவது வழக்கம்; அவருக்கென்று கணேஷ்கிண்டில் எழுப்பிய மாளிகையில்தான் புனேப் பல்கலைக்கழகம் பின்னாளில் அமைந்தது. ஆண்டில் சில மாதம் மொபசலே தலைநகராவது இவ்வேற்பாட்டின் வேடிக்கை.

புனேக்கு மேற்கே மலையடிவாரப் பள்ளத்தாக்குகளுக்கு மாவல் என்று பெயர். சிவாஜி மகாராஜாவின் தொடக்ககாலப் படைவீரர்களான மாவலர் இந்நெல் விளையும் பள்ளத்தாக்குகளின் மக்களே. அப்பகுதியிலுள்ள முல்ஷியில் அணை கட்டிப் பம்பாய்க்கு மின்சாரம் கொண்டுசெல்ல டாடா நிறுவனம் முனைந்தபோது, நிலம் இழக்கவிருந்த குடியானவர்கள் 1921இல் ராம நவமி நாளன்று சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். பாண்டுரங்க மகாதேவ பாபட் அதற்குத் தலைமை தாங்கினார். சேனாபதி என்னும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்ததும் இப்போராட்டத்தினாலேயே. மூன்றாண்டுகள் போராடியும் வயல்கள் நீரில் மூழ்கின. விளக்கு எரிந்தது பம்பாயில், மூழ்கியது மாவலில்.

அதே முல்ஷி தாலுகாவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஊர்தான் ஹிஞ்சேவாடி. உள்ளூர் மராத்தியர் ஹிஞ்சவடி என்பர். 1990களின் பிற்பகுதியிலிருந்து மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அங்கே ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அமைத்தது. கணிப்பொறி நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்தன. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பட்டதாரிகள் வந்தனர். வயல்கள் கண்ணாடி மாளிகைகள் ஆயின. ஆயினும் ஊராட்சி நெடுங்காலம் கிராமப் பஞ்சாயத்தாகவே இருந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் நிறைந்த பின்னும் ஊர்க் காரியங்களுக்குக் கிராமப் பஞ்சாயத்தே பொறுப்பாக இருந்தது. காலையில் புனே நகரத்தார் வாகனங்களில் நெருக்கியடித்துக்கொண்டு அந்தக் கிராமத்தை நோக்கிச் செல்கின்றனர், மாலையில் திரும்புகின்றனர். இதில் எது சதர், எது மொபசல் என்று ஹேஸ்டிங்ஸ் துரையைத்தான் கேட்க வேண்டும்!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஓயாத தொல்லை. வெளியூர் என்று பெயர்த்தால் எவருக்கு வெளி என்ற வினா எழுகிறது. புறநகர் என்பதோ இன்னும் விபரீதம். 2002இல் சென்னைக் கோயம்பேட்டில் திறந்த நிலையத்துக்கு ஆங்கிலத்தில் மொபசல் என்றும், தமிழில் புறநகர் என்றும் பெயர் வழங்கிற்று. புறநகர் என்றால் தாம்பரமும் ஆவடியும் அல்லவா? அங்கிருந்து புறப்பட்ட வண்டிகளோ மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் சென்றன. நாகர்கோவில் சென்னையின் புறநகரானது இந்த ஒரு மொழிபெயர்ப்பில்தான். 2018இல் அந்நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரைச் சூட்டினார்கள், சிக்கல் பலகையளவில் நீங்கிற்று.

கண்ட்ரி என்ற ஆங்கிலச் சொல்லும் எதிரே கிடப்பது என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழிவந்ததுதான்; பார்ப்பவனுக்கு எதிரே கிடப்பது. நம் தொல்காப்பியம் நிலத்தை முல்லை என்றும் குறிஞ்சி என்றும் மருதம் என்றும் பெயரிட்டபோது எந்த நகரத்திலிருந்தும் தொலைவை அளக்கவில்லை. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த வேளாண் பகுதி. அதன் காரியங்களைப் பார்த்த நாட்டாருக்கு மதிப்பு இருந்தது. அதே நாடு என்னும் சொல்லோடு புறம் சேர்ந்து நாட்டுப்புறத்தான் என்று ஆனபோது, அது ஏச்சாகவும் பயன்பட்டது. இதில் அயலாரை மட்டும் நோவது முறையாகாது.

ஹிஞ்சேவாடியில் ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமியில் மாதோபா தெய்வத்துக்குத் திருவிழா நடக்கிறது. பகாட் என்னும் நெடிய மரத்தை ஏற்றிய வண்டியை மக்கள் வாகட் வரை இழுத்துச் செல்கின்றனர். அன்று கணிப்பொறிக்காரர்களின் வாகனங்கள் ஓரமாய் நின்று வழிவிடுகின்றன. அங்குள்ள தமிழர், ஊரிலிருக்கும் பெற்றோருக்குத் தம் முகவரியை மராத்திய முறைப்படி எழுதினால் இப்படி வரும்: முக்காம் போஸ்ட் ஹிஞ்சவடி, தாலுகா முல்ஷி, ஜில்லா புனே.