ஆறு அங்குலத்தில் ஒரு பெயர்

1942ஆம் ஆண்டு சிங்கப்பூரின் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பெண்கள் தைத்த மூன்று ஒட்டுத்துணிப் போர்வைகள் இன்றும் இருக்கின்றன. இரண்டு கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். ஒன்று லண்டனில், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். சதுரம் ஒன்று ஏறக்குறைய ஆறு அங்குலம். அதற்குள் ஒருத்தியின் பூத்தையல். பெரும்பாலானவற்றில் அவளுடைய பெயரும் நூலாலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் குவில்ட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றில் ஒளித்து வைத்த சங்கேதங்களைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பூவுக்கு என்ன அர்த்தம், அந்தக் கப்பல் எங்கே போகிறது என்று ஆராய்கிறார்கள். ஆராயட்டும். ஆனால் அவற்றின் தலையாய சேதி ஒளிந்திருக்கவே இல்லை, பட்டவர்த்தனமாகத் தைத்து வைத்த பெயர்தான் அது என்பது என் வாதம். பலர் சேர்ந்து தைக்கும் கையொப்பக் குவில்ட் போர்த்திக்கொள்வதற்கு உதவியதைவிடப் பெயர்ப் பதிவேடாகவே அதிகம் உதவியிருக்கிறது. சாங்கிப் பெண்கள் கைக்கொண்டது அந்தப் பழைய வழக்கத்தைத்தான்.

அந்த வழக்கம் வேர்பிடித்தது 1840களின் அமெரிக்காவில். ஊரைவிட்டு மேற்கே குடிபெயரும் குடும்பத்துக்கோ, மாற்றலாகிப் போகும் பாதிரியாருக்கோ உற்றார் உறவினர் ஆளுக்கொரு கட்டம் தைத்துத் தருவார்கள். கட்டத்தின் நடுவில் துணியை அரிக்காத, துவைத்தாலும் போகாத மையால் கையெழுத்து இடுவார்கள். பால்டிமோர் நகரில் 1840களின் பிற்பாதியில் இது பெரும் கலையாகவே வளர்ந்தது. பூக்கூடை, கப்பல், நினைவுச் சின்னம் என்று கட்டத்துக்குக் கட்டம் வேறு வேலைப்பாடு, வேறு கையெழுத்து. குவில்ட் ஏழை வீட்டுச் சிக்கனத்தில் பிறந்தது, குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தானே அது என்று இங்கே ஒருவர் கேட்கலாம். அன்றாடப் போர்வைகளைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் அவை கிழிந்து நைந்து மறைந்தன. கையொப்பக் குவில்ட்கள் இத்தனை எஞ்சியிருப்பதற்குக் காரணமே, அவற்றை யாரும் அதிகம் போர்த்திக்கொள்ளவில்லை, பெட்டியில் வைத்துக் காத்தார்கள் என்பதுதான். முதல் உலகப் போரில் இந்தப் பெயருக்கு விலையே வைத்தார்கள். 1917 டிசம்பரில் ‘மாடர்ன் பிரிசில்லா’ என்ற அமெரிக்கப் பெண்கள் இதழ், காசு கொடுப்பவர்களின் பெயரைத் துணியில் தைத்து ஒரே குவில்ட்டில் செஞ்சிலுவைக்கு ஆயிரம் டாலர் திரட்டும் திட்டத்தை வெளியிட்டது. அங்கே விற்பனைக்கு வந்தது போர்வையில் ஓர் இடம், போர்வை அல்ல.

சாங்கியில் இந்த வழக்கம் வேறொரு தேவையைச் சந்தித்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று பெண்களையும் குழந்தைகளையும் சிங்கப்பூரின் கத்தோங் பகுதியிலிருந்து சாங்கி சிறைக்கு வெயிலில் நடத்திக் கூட்டிப்போனார்கள். 600 கைதிகளுக்காகப் பிரிட்டிஷ் அரசு 1936இல் கட்டி முடித்த சிறை அது. அதில் 2000க்கும் மேற்பட்ட குடிமக்களை அடைத்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் சுமார் 400. ஆண் குடிமக்கள் அதே சிறையின் வேறு பகுதியில் இருந்தார்கள். படைவீரர்கள் சற்றுத் தள்ளி ராணுவ முகாமில். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்கும், மனைவி கப்பலேறித் தப்பினாளா, வழியில் மூழ்கினாளா என்று கணவனுக்கும் தெரியாது. சேதி அனுப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1943 அக்டோபர் 10 சாட்சி. ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் அன்று சிறைக்குள் புகுந்து, உளவுச் சந்தேகத்தில் பலரைப் பிடித்துப் போனது. சித்திரவதையில் 15 பேர் மாண்டார்கள். பிடிபட்டவர்களில் ஃப்ரெடி ப்ளூம், மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ஆகிய பெண்களும் உண்டு.

குவில்ட் யோசனையைச் செயல்படுத்தியவர் எதெல் மல்வனி. கனடா நாட்டவர், சிறையின் பெண்கள் முகாமில் செஞ்சிலுவைப் பிரதிநிதி. கணவர் ராணுவ மருத்துவர், போர்க்கைதி. முகாமில் எலிசபெத் என்னிஸ் என்ற செவிலியர் நடத்திய சாரணியர் குழுவின் சிறுமிகள், அவருடைய பிறந்தநாளுக்காகக் கந்தல் துணிகளில் அறுகோணங்கள் வெட்டி, தங்கள் பெயர்களைத் தைத்து, ரகசியமாக ஒரு போர்வை செய்யத் தொடங்கியிருந்தார்கள். அதுதான் பெரியவர்களுக்கு முன்மாதிரி. விரும்பிய பெண்களுக்கு ஆளுக்கொரு சதுரத் துணி தரப்பட்டது. உன்னைப் பற்றி ஏதாவது தை, பெயரையும் போடு என்பதே விதி. மாவு மூட்டையும் பழைய படுக்கை விரிப்பும் துணியாயின. உடுப்புகளிலிருந்து உருவியதெல்லாம் நூலாயிற்று. ஆறு அங்குலத்தில் ஓரத்தை மடிப்புக்கு விட்டால் மிஞ்சுவது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய இடம். அதில் படம் ஒன்று, அடியிலோ மூலையிலோ பெயர் ஒன்று. பெயரைக் காம்புத் தையலிலோ சங்கிலித் தையலிலோ போடும்போது ஊசி எழுத்தின் போக்கிலேயே போகும். வளைவும் சாய்வும் அப்படியே பதியும். அலுவலகப் பட்டியல் ஒரு பெயரைத் தட்டச்சில் தரும். அதை யாரும் அடிக்கலாம். தைத்த கையொப்பமோ, இன்னாருடைய கை நடுங்காமல் சில நாள் உட்கார்ந்து வேலை செய்தது என்று சொல்லும். உயிரோடிருப்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி அந்தச் சிறையில் கிடைத்திருக்காது.

சங்கேத வாசிப்பை நான் முற்றாகத் தள்ளவில்லை. சிறைக்குள் குழந்தை பெற்ற ஒருத்தி அந்தச் சேதியைக் கணவனுக்கு ஒரு முயல்குட்டி உருவத்தில் தைத்தனுப்பியதாகச் சொல்வார்கள். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களுக்கான குவில்ட்களில் வெற்றிக்கான ‘வி’ எழுத்தும் சிறை அறைக் காட்சியும் வரத்தான் செய்கின்றன. 17 வயது ஷீலா ஆலன் தைத்தது ஆஸ்திரேலிய வரைபடமும் கங்காருவும். அப்பா ஆஸ்திரேலியர் என்பதைத் தவிர அந்த நாட்டோடு அவருக்குப் பழக்கமில்லை, பிறந்தது மலாயாவில். இவற்றையெல்லாம் படிக்க நமக்கு விளக்கம் வேண்டும். அன்று பார்த்தவனுக்கும் வேண்டியிருக்கும். பெயருக்கு மட்டும் விளக்கம் தேவைப்படாது. காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக் கட்டில் ஒன்றில் குவில்ட்டை விரித்தால் போதும். படித்தவன் பெயர்களைத் தன் முகாமுக்குக் கொண்டுபோவான். பெயர் போடுவது குவில்ட்டில் நெடுநாள் மரபு என்பதால் அதை யாரும் ரகசியமாக நினைக்கவும் முடியாது. மரபே இங்கே மறைப்பாக உதவியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மூன்று குவில்ட்களில் ஒன்று ஜப்பானிய வீரர்களுக்கானது. அதன் பின்பக்கத்தில், காயம்பட்ட நிப்பான் வீரர்களுக்கு அனுதாபத்தோடு அளிப்பதாகவும், போர் முடிந்ததும் ஜப்பானியச் செஞ்சிலுவையிடம் சேர்க்க வேண்டும் என்றும் ஜப்பானிய ஆண்டுக் கணக்குப்படி 2602 என்று போட்டு எழுதியிருக்கிறார்கள். அதிலும் பெயர்கள் இருக்கின்றன. கணவனுக்குச் சேதி சொல்லத்தான் பெயர் என்றால், எதிரியின் போர்வையில் அதற்கென்ன வேலை? அது வெறும் தந்திரம், அனுமதி பெறப் போட்ட வேடம் என்று சிலர் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அந்தக் குவில்ட்டில் கசப்பான காட்சிகள் இல்லை, பூக்களும் மென்மையான உருவங்களுமே உள்ளன. ஆக, யார் பார்ப்பார்கள் என்று அறிந்தே தைத்திருக்கிறார்கள். அப்படிப் படத்தை மாற்றியவர்கள் பெயரை மட்டும் விடவில்லை. கணவன் பார்க்கட்டும் என்பது ஒரு பயன். நாங்கள் இன்னார், இந்த ஆண்டு, இந்த இடத்தில், உங்கள் காவலில் இருக்கிறோம் என்று பதிவு செய்வது அதைவிடப் பரந்த பயன். போருக்குப் பின் எந்தச் சங்கத்திடம் சேர வேண்டும், சலவை எப்படிச் செய்ய வேண்டும் என்பதுவரை பின்பக்கத்தில் எழுதியவர்கள், அது தங்களைவிட நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். அனுதாபம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தானமும் பதிவும் ஒரே துணியில் இருக்க முடியும்.

பின்னாளில் இதே தர்க்கம் இன்னும் துலக்கமாக வெளிப்பட்டது. 1985 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி ஒரு அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டினார்கள். கிளீவ் ஜோன்ஸ் என்ற செயற்பாட்டாளருக்கு அந்தச் சுவர் குவில்ட்டாகத் தெரிந்தது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு சவக்குழியின் அளவு. துணி, நிறம், வேலைப்பாடு எல்லாம் தைப்பவர் இஷ்டம். அளவு மட்டும் மாறக் கூடாது. பணக்காரருக்கும் பரதேசிக்கும் ஒரே இடம் என்பதை உறுதி செய்தது அந்த அளவு. நோயின் களங்கத்துக்கு அஞ்சிச் சில குடும்பங்கள் முழுப் பெயரைப் போடவில்லை. பெயர் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் அதற்கு யாரும் அஞ்சியிருக்க மாட்டார்கள்.

கடைசி மறுப்பு நம் பக்கத்திலிருந்து வர வேண்டியது. சாங்கிப் பெண்களில் பெரும்பாலோர் ஆண்ட இனத்துப் பெண்கள்; அவர்கள் பெயரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? நியாயமான கேள்விதான். அதே போரில், அதே மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள் வரிசையாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலோர் பெயர் பொறித்த பலகைகளின் கீழ். தோட்டத் தமிழர்களுக்கு அப்படி ஒரு முழுப் பட்டியலே கிடையாது. அதனால்தான் அவர்கள் சாவு இன்றும் ஆயிரக்கணக்கில் கூடிக் குறையும் மதிப்பீடாக இருக்கிறது. இந்த வேறுபாடு என் வாதத்தைத் தகர்க்கவில்லை, உறுதிப்படுத்தவே செய்கிறது. செஞ்சிலுவைச் சங்கம், படித்த கை, பின்னால் பாதுகாக்க ஓர் அருங்காட்சியகம் இவை இருந்தவர்களின் பெயர் நின்றது. இல்லாதவர்களின் பெயர் போனது. ஆகவே சாங்கிக் குவில்ட்களைக் கைவேலைத் திறனுக்காகவோ துயரக் கதைக்காகவோ மட்டும் பார்ப்பது போதாது. பதிவேடாக அவற்றைப் படிப்பவர்கள், சயாமுக்குப் போனவர்களின் பெயர்களைத் தோட்டக் கணக்குகளிலிருந்தும் குடும்பங்களின் நினைவிலிருந்தும் திரட்டுவது இரண்டாம்பட்ச வேலை அல்ல என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.