தேள் கடியும் ஒரு ரத்த அழுத்த மாத்திரையும்

"திருடனுக்குத் தேள் கொட்டியது போல" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. வலியைத் தாங்கவும் முடியாமல், வாய்விட்டுக் கத்தவும் முடியாமல் தவிப்பவனுக்கு அதைச் சொல்வோம். இந்தப் பழமொழியை உண்டாக்கியவர், தேள் கடி என்றால் வலி மட்டும்தான் என்று நினைத்திருக்க வேண்டும். பெரும்பாலான தேள்களுக்கு அது பொருந்தும். ஆனால் நம் நாட்டில் இருக்கும் ஒரு வகைத் தேள் கொட்டினால் வலி இரண்டாம் பட்சம்தான். இதயமும் நுரையீரலும் அடி வாங்கும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம், அதிலும் குழந்தைகள் என்றால் ஆபத்து அதிகம். அந்தச் சாவைத் தடுத்தது புதிதாகக் கண்டுபிடித்த விஷமுறிவு மருந்து எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்காகக் கடையில் விற்றுக்கொண்டிருந்த ஒரு சாதாரண மாத்திரைதான் தடுத்தது. அந்த வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

எங்கள் மடுகரைப் பக்கம் தேள் என்றால் பெரியவர்கள் முதலில் பயப்படுவது நட்டுவாக்காலிக்குத்தான். கன்னங்கரேலென்று, பெரிய கொடுக்குகளோடு பார்க்கவே பயங்கரமாக இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அது கொட்டினால் வலி இருக்குமே தவிர உயிருக்கு ஆபத்து வருவது அபூர்வம். செங்கல் அடுக்கிலும் விறகுக் குவியலிலும் ஒளிந்திருக்கும் ஒல்லியான சிவப்புத் தேள்தான் ஆளைக் கொல்வது. தேள்களில் பொதுவாகவே கொடுக்கு பெருத்தும் வால் மெலிந்தும் இருந்தால் விஷம் குறைவு. கொடுக்கு சிறுத்து வால் தடித்திருந்தால் அதனிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இந்தச் சிவப்புத் தேளின் அறிவியல் பெயரில் நம் இனத்தின் பெயரே இருக்கிறது. 1798-ல் டென்மார்க் நாட்டு இயற்கை அறிஞர் ஃபப்ரிசியஸ் இதற்கு 'டாமுலஸ்' என்று பெயர் வைத்தார். 'தமிழ்' என்பதன் லத்தீன் வடிவம் அது. அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். பியூதஸ், மீசோபியூதஸ், ஹாட்டன்டோட்டா என்று முன்பெயர் பலமுறை மாறிவிட்டது, ஆனால் டாமுலஸ் மட்டும் போகவில்லை. பெருமைப்படவேண்டிய விஷயமா என்று தெரியவில்லை!

இது கொட்டினால் உடம்பில் என்ன நடக்கிறது என்று புரிய, தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நான் பி.காம் மாணவன்தான், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இதயம் துடிப்பது, வியர்ப்பது, எச்சில் ஊறுவது, ரத்தக் குழாய் சுருங்கி விரிவது எல்லாம் நம்மைக் கேட்காமலே நடக்கின்றன. இவற்றைக் கவனிக்கும் நரம்புகளுக்கு 'தன்னியக்கம்' என்ற பொருளில் 1898-ல் பெயர் வைத்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த லாங்லி. இதில் இரண்டு பிரிவு. பரிவு நரம்புகள் நம்மை ஓட்டத்துக்கும் சண்டைக்கும் தயார் செய்பவை. எதிர்ப்பரிவு நரம்புகள் ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் உரியவை. ஒன்று முடுக்கினால் மற்றது பிரேக் போடும்.

இந்த நரம்புகள் உறுப்புகளோடு பேசுவது ரசாயனங்கள் மூலமாக என்பதை 1921-ல் ஆட்டோ லோவி தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். அதற்கும் முன்பே, 1906-ல், லண்டனில் ஹென்றி டேல் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். அட்ரினலின் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் எர்காட் என்ற பூஞ்சைச் சத்தை முதலில் கொடுத்துவிட்டு அட்ரினலின் கொடுத்தால் அழுத்தம் ஏறாமல் இறங்கியது. லோவிக்கும் டேலுக்கும் 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது. டேல் பார்த்த விசித்திரத்துக்குச் சரியான விளக்கம் வர 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஆல்குவிஸ்ட் என்பவர், அட்ரினலின் போய் உட்காரும் இடங்கள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை என்றார். ரத்தக் குழாயைச் சுருக்குவது ஆல்ஃபா. எர்காட் அடைத்தது அதைத்தான். இந்த ஆல்ஃபாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

சிவப்புத் தேளின் விஷம் நரம்பில் இருக்கும் சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்து வைக்கிறது. குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி, நரம்பு முனைகள் தம்மிடம் இருக்கும் ரசாயனத்தையெல்லாம் கொட்டிவிடுகின்றன. முதலில் எதிர்ப்பரிவின் ஆட்டம்: வாந்தி, எச்சில் ஒழுகல், வியர்வை. சட்டை நனைந்து பிழியும் அளவுக்கு வியர்க்கும். ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆண்குறி விறைத்து நிற்கும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு, ஆனால் டாக்டருக்கு இது மிக முக்கியமான அறிகுறி. அதன் பிறகுதான் பரிவு நரம்புகளின் புயல். ரத்தக் குழாய்கள் எல்லாம் சுருங்கி, கை கால் ஜில்லென்று ஆகிவிடும். அழுத்தம் தாறுமாறாக ஏறும். இறுகிப்போன குழாய்களை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வாயில் நுரையோடு மூச்சுத் திணறித்தான் சாவு வரும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. விஷம் உடம்பு முழுக்கப் பரவியவர்களுக்குக் கொட்டின இடத்தில் வலி அவ்வளவாக இருக்காது. கத்திக் கதறுகிறவன் பெரும்பாலும் பிழைத்துவிடுவான், சத்தமில்லாமல் வியர்த்துக்கொண்டு கிடப்பவன்தான் ஆபத்தில் இருக்கிறான். கிராமத்தில் மந்திரிப்பவரிடம் போய், புளியங்கொட்டையை உரசி ஒட்டிக்கொண்டு, "வலி குறைந்துவிட்டது" என்று வீட்டில் படுக்க வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். கொட்டியது விஷம் குறைந்த தேள் என்றால் மந்திரத்துக்கு நல்ல பெயர். சிவப்புத் தேள் என்றால் விதி.

ஆஸ்பத்திரிகளிலும் நெடுங்காலம் தெளிவான வழி இல்லை. 'லிட்டிக் காக்டெயில்' என்ற ஒன்று புழக்கத்தில் இருந்தது. பெத்திடின், புரோமெத்தசின், குளோர்புரோமசின் மூன்றையும் கலந்து கொடுப்பார்கள். நம் புதுச்சேரி ஜிப்மர் குழந்தைகள் மருத்துவத் துறையைச் சேர்ந்த மகாதேவன் முதலானோர் தேள் கடிக்கு இந்தக் கலவையைப் பயன்படுத்துவது பற்றி 1981-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்ல நான் தயாரில்லை. குளோர்புரோமசினுக்கு ஆல்ஃபாவை அடைக்கும் குணம் கொஞ்சம் உண்டு. ஆக, பக்கத்தில்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் கூட இருக்கும் மற்ற மருந்துகள் நோயாளியை மயக்கத்தில் தள்ளும், மூச்சையும் தளர்த்தும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் குழந்தைக்கு அது நல்லதில்லை. சென்னை தரமணியில் உள்ள டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ராதாகிருஷ்ண மூர்த்தி இன்சுலின் கொடுத்துப் பார்க்கும் வழியை ஆராய்ந்தார். ஆளுக்கு ஒரு பக்கம் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

விடை வந்தது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து. ஹிம்மத்ராவ் பவஸ்கர் மகாராஷ்டிரத்தில் ஜால்னா மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் பிறந்து, நாக்பூரில் எம்.பி.பி.எஸ். படித்தவர். 1976-ல் கொங்கண் பகுதியில், மகாட் அருகே பிர்வாடி என்ற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தேள் கடி என்பது அன்றாட சமாச்சாரம். பாடப் புத்தகத்தில் இதைப் பற்றி உருப்படியாக ஒன்றும் இல்லாததால், நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எத்தனை மணிக்கு வாந்தி, எப்போது கை குளிர்ந்தது, அழுத்தம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். யாருக்கு ஆபத்து வரப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள் பற்றி அவர் எழுதியதை 1982-ல் 'லான்செட்' வெளியிட்டது. லண்டனிலிருந்து வரும் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழ் அது. ஒரு கிராமத்து டாக்டர், கையில் இருந்ததெல்லாம் ஸ்டெதாஸ்கோப்பும் நோட்டுப் புத்தகமும்தான் என்று சொல்லிவிடலாம்.

இறுகிய ரத்தக் குழாய்தான் பிரச்சினை என்றால் அதைத் தளர்த்த வேண்டும் என்பது அவர் கணக்கு. முதலில் சோடியம் நைட்ரோபுருசைடு என்ற மருந்தை டிரிப்பில் ஏற்றிப் பார்த்தார். பலன் இருந்தது. ஆனால் அதைச் சொட்டுச் சொட்டாகக் கண்காணித்தபடி கொடுக்க வேண்டும், கொஞ்சம் அதிகமானால் அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். கிராமத்தில் நடக்கிற காரியமா? அப்போதுதான் பிரசோசின் கவனத்துக்கு வந்தது. ஃபைசர் கம்பெனி உருவாக்கி 1970-களில் ரத்த அழுத்தத்துக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த மாத்திரை, மினிபிரெஸ் என்ற பெயரில் கிடைக்கும். அது செய்யும் வேலை ஆல்ஃபா ஏற்பியை அடைப்பது. டேல் எர்காட்டில் பார்த்த அதே வேலைதான், ஆனால் சுத்தமாக, வாய்வழியாக. ஹிம்மத்ராவும் அவர் மனைவி டாக்டர் பிரமோதினியும் சேர்ந்து எழுதிய பிரசோசின் கட்டுரை 1986-ல் லான்செட்டில் வந்தது. அதற்கு முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் முப்பது சதவீதம் வரை இறந்தார்கள் என்றும், பிரசோசின் வந்த பிறகு அது ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கியது என்றும் பவஸ்கர் எழுதியிருக்கிறார்.

மாத்திரையைக் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரசோசின் முதல் வேளை போட்டதும் எழுந்து நின்றால் அழுத்தம் சட்டென்று விழுந்து மயக்கம் வரலாம். அதனால் குழந்தையைப் படுக்க வைத்தே வைத்திருக்க வேண்டும். அழுகிறதே என்று தாய் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளக் கூடாது. கை கால் மறுபடி சூடேறி, கொட்டின இடத்தில் வலி திரும்ப ஆரம்பித்தால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். வலி வந்ததற்குச் சந்தோஷப்படும் நோய் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த முறை நம் பக்கமும் வந்து சேர்ந்தது. 1981-ல் காக்டெயில் பற்றி எழுதிய அதே ஜிப்மர் மகாதேவன், 2000-ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் தேள் கடி பற்றி எழுதிய விரிவான கட்டுரையில் பிரசோசினை முன்னுக்கு வைத்தார். 2006-ல் ஜிப்மர் டாக்டர்கள், ஒரு வரைமுறை வகுத்துக்கொண்டு சிகிச்சை தந்ததன் பலனைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எங்கள் மாதிரி நெல்லும் கரும்பும் பயிரிடும் ஊர்களுக்கு முக்கியமான இன்னொரு விஷயம். பூச்சிமருந்து குடித்தவருக்கும் தேள் கொட்டியவருக்கும் ஆரம்ப அறிகுறி ஒரே மாதிரி இருக்கலாம்: அதே வாந்தி, அதே எச்சில், அதே வியர்வை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினை அழிக்கும் நொதியை முடக்குகிறது. அதற்கு அட்ரோபின் ஊசிதான் உயிர் காக்கும். (நம் ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின் குடும்பத்துச் சரக்குதான்.) அதே அட்ரோபினைத் தேள் கடிக்குக் கொடுத்தால் எதிர்ப்பரிவின் பிரேக்கையும் பிடுங்கிப் போட்ட மாதிரி ஆகிவிடும், இதயம் இன்னும் வேகமாக ஓடும். பவஸ்கர் 1992-லேயே இதைப் பற்றித் தனியாக எழுதி எச்சரித்தார். இரண்டும் ஒரே நரம்பு மண்டலத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றைக் காப்பாற்றும் ஊசி இன்னொன்றுக்குக் கேடு. என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது இதனால்தான் அவசியமாகிறது.

தேள் விஷத்துக்கு முறிவு மருந்தும் பின்னால் வந்தது, மும்பை ஹாஃப்கின் நிறுவனம் தயாரித்தது. 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பவஸ்கர் தம்பதி ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 70 பேரில் பாதிப் பேருக்குப் பிரசோசின் மட்டும், மீதிப் பேருக்கு அதோடு முறிவு மருந்தும். இரண்டும் பெற்றவர்கள் சராசரியாக 8 மணி நேரத்தில் தேறினார்கள், மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 17.7 மணி நேரம் ஆனது. ஆக முறிவு மருந்தும் சேர்ந்தால் நல்லது. ஆனால் அது எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்கும் பொருள் அல்ல. பவஸ்கருக்கு 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கடைசியாக, வணிகவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று. பிரசோசினின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, விலை சில ரூபாய்தான். தேள் கடிக்கு என்று அதை விளம்பரம் செய்து யாரும் லாபம் பார்க்க முடியாது. கடைகளில் இன்று சுலபமாகக் கிடைப்பது மெல்ல மெல்லக் கரையும் எக்ஸ்எல் வகை. தினமும் பிரஷருக்குப் போடுபவருக்கு அது வசதி. தேள் கொட்டிய குழந்தைக்கு வேண்டியதோ உடனே வேலை செய்யும், எடைக்கு ஏற்ப உடைத்துக் கொடுக்கக்கூடிய சாதாரண மாத்திரை. மடுகரையிலிருந்து வில்லியனூர் வழியாக கோரிமேடு ஜிப்மர் போய்ச் சேர ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ராத்திரியில் வண்டி பிடித்துப் போவதற்குள் வியர்வைக் கட்டம் முடிந்து கை கால் குளிர ஆரம்பித்திருக்கும். அந்தச் சாதாரண மாத்திரை நாலு, பக்கத்து சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருக்க வேண்டும்.