62.5 என்னும் எண்: முழங்கால் சுமைக்கோட்டை எங்கே நிறுத்துவது?

கால் வில்லாக வளைந்து, முழங்காலின் உட்பக்கம் மட்டும் தேய்ந்த நாற்பது வயதுக்காரருக்குச் செயற்கை மூட்டு வைக்க மருத்துவர் தயங்குவது நியாயமே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்று அறுவை செய்துகொண்ட ஆண்களில் 35 விழுக்காட்டினர் வரை வாழ்நாளுக்குள் மறு அறுவைக்கு வரக்கூடும் என 2017இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு கணித்தது. எழுபதைக் கடந்தவர்களிடம் அது 5 விழுக்காட்டளவே. எனவே மூட்டைக் காத்து, கீழ்க்கால் எலும்பை வெட்டி நிமிர்த்தும் அறுவையை முதலில் எண்ணிப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. எவ்வளவு நிமிர்த்துவது என்பதில்தான் சிக்கல்.

இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு இழுத்த கோடு, முழங்கால் தளத்தை உள்விளிம்பிலிருந்து 62.5 விழுக்காட்டில் கடக்க வேண்டும் என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்கு ‘ஃபுஜிசாவா புள்ளி’ என்று பெயர். ஆனால் அந்த எண் ஃபுஜிசாவா சொன்னதன்று. 1979இல் அவர் குழுவினர் 54 முழங்கால்களை ஆர்த்ராஸ்கோப் வழியே பார்த்தார்கள். தளத்தின் நடுவைப் பூச்சியமாகவும் வெளிவிளிம்பை நூறாகவும் வைத்து, கோடு 30 முதல் 40க்குள் விழுந்த கால்களில் தேய்ந்த பரப்பு நன்றாக மூடிவந்ததைக் கண்டார்கள். முழு அகலக் கணக்கில் அது 65 முதல் 70 ஆகும். 62ஐ ஒட்டிய இலக்கு 1992இல் டக்டேல், நாய்ஸ் குழுவினரின் திட்டமிடல் கட்டுரையிலிருந்து பரவியது. பெயர் ஒருவருடையது, எண் இன்னொருவருடையது!

பெயர்க்குழப்பம் போகட்டும். ஃபுஜிசாவா கண்டது ஒரு புள்ளியன்று, ஓர் எல்லைப் பரப்பு. பின்னாளில் சிலர் குருத்தெலும்பு எவ்வளவு போயிற்று என்பதற்கேற்ப இலக்கைப் பிரித்தார்கள்: மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் நடுவைச் சற்றே தாண்டினால் போதும், முழுதும் தேய்ந்திருந்தால்தான் கோடு வெளியே வெகுதூரம் போக வேண்டும். ஓடியாடும் இளையவரிடம் பெரும்பாலும் முதல்நிலைத் தேய்வுதான். அவருக்கும் 62.5 என்றால் நல்ல நிலையிலுள்ள வெளிப்பக்கக் குருத்தெலும்பின் மீது தேவையில்லாத பாரத்தை ஏற்றுகிறோம்.

குறைவாகத் திருத்தினால் வளைவு மீளும் என்பதற்குக் கவென்ட்ரியின் 1993 கட்டுரையைக் காட்டுவார்கள். அறுவைக்குப் பின் கால் வெளிப்பக்கம் சாய்ந்த கோணம் 8 பாகைக்குக் குறைவாக இருந்து, மிகை எடையும் சேர்ந்த கால்களில் ஐந்தாண்டு தாக்குப்பிடித்தவை 38 விழுக்காடே. உண்மைதான். ஆனால் அவர் நோயாளிகளின் சராசரி வயது அறுபதைக் கடந்தது. அவர்களுக்கு வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவ எலும்பை நீக்கி மூடினார்கள். இன்று உட்பக்கத்தைத் திறந்து, பூட்டுத் திருகுள்ள பிளேட்டால் இறுக்குகிறோம். அந்த எச்சரிக்கையை இளையவரின் காலுக்கு அப்படியே பொருத்த இயலாது.

‘ஒரு மில்லிமீட்டர் திறந்தால் ஒரு பாகை’ என்னும் வாய்ப்பாடும் இதே ரகம். எலும்பின் அகலம் ஏறக்குறைய 57 மில்லிமீட்டராக இருந்தால்தான் அது சரிவரும்.

இன்னொரு தவறு, எக்ஸ்ரேயில் வளைவு எந்த எலும்பில் இருக்கிறது என்று பார்க்காமல் கோட்டை மட்டும் பார்ப்பது. தொடையெலும்பின் வளைவைக் கீழ்க்காலில் திருத்தினாலும் கோடு 62.5இல் கச்சிதமாக விழும். மூட்டுத் தளம் மட்டும் சாய்ந்து நிற்கும்.