'ஓம்' சொன்னால் மணலில் ஸ்ரீசக்கரம் தோன்றுமா?

தட்டில் கொஞ்சம் மணல். பின்னணியில் 'ஓம்' ஒலிக்கிறது. மணல் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஸ்ரீசக்கரமாக நிற்கிறது. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இந்தக் காணொளி உங்களுக்கும் வந்திருக்கலாம்.

மணல் கோலம் போடுவது உண்மைதான். அது ஸ்ரீசக்கரமாக வரும் என்பதுதான் உண்மை இல்லை.

மணல் ஏன் நகர்கிறது?

ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787இல் இதை நூலாகவே எழுதிவிட்டார். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தார். தகடு அதிரும்போது சில இடங்கள் மட்டும் அசையாமல் இருக்கும். மணல் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும்.

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹான்ஸ் ஜென்னி 1960களில் இந்த ஆய்வுக்கு 'சைமாட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தார். 'ஓம்' கதை பெரும்பாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் சுற்றுகிறது.

ஆனால் கோலத்தை முடிவு செய்பவை தகட்டின் வடிவம், அளவு, அதைப் பிடித்திருக்கும் இடம், ஒலியின் அதிர்வெண். சொல்லின் பொருள் தகட்டுக்குத் தெரியாது! அதே 'ஓம்' பாட்டி குரலில் ஒரு மாதிரி, அப்பா குரலில் வேறு மாதிரி வரும். ஸ்ரீசக்கரமோ ஒன்பது முக்கோணங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய படம். அளவு பிசகாமல் கையால் வரைவதே கஷ்டம்.

அப்படின்னா இசைக்கும் வடிவத்துக்கும் தொடர்பே இல்லையா?

இருக்கு, கணக்கில். 'ச' ஒலிக்கும் கம்பியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் அதிரவிட்டால் 'ப' கேட்கும். பாதியை அதிரவிட்டால் மேல் 'ச'. சுருதி சேர்ப்பது என்பதே இந்த விகிதங்களைக் காதால் பிடிப்பதுதான்.

இதை ஓர் அறை முழுக்க விரித்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்ட் யங். அவரும் ஓவியர் மரியன் சசீலாவும் 1970 முதல் கிரானா மரபுப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் இந்துஸ்தானி இசை கற்றார்கள். நியூயார்க்கின் சர்ச் வீதியில் 1993 முதல் இருக்கும் அவர்களது 'ட்ரீம் ஹவுஸ்' அறையில் தாளமோ பாட்டோ கிடையாது. எண் விகிதங்களின்படி சேர்த்த மின்னணு ஒலிகள், தம்புரா போல நிற்காமல் ஒலிக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்காரலாம், படுக்கலாம். சசீலாவின் ஊதா-சிவப்பு ஒளி அறையை நிறைக்கிறது.

விஷயம் இங்கேதான். ஒலி மாறவில்லை, ஆனால் தலையைத் திருப்பினால் வேறு சுரம் கேட்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில இடங்களில் கூடுகின்றன, சில இடங்களில் அடங்குகின்றன. 170 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் சுமார் 2 மீட்டர். அதில் உரத்த இடத்திலிருந்து அடங்கிய இடத்துக்கு அரை மீட்டர்தான். 1,700 ஹெர்ட்ஸ் என்றால் 5 சென்டிமீட்டர் போதும். கிளாட்னியின் தகட்டில் மணல் செய்த வேலையை இங்கே உங்கள் காது செய்கிறது.

ஹெட்ஃபோனில் வரும் 'ஸ்பேஷியல் ஆடியோ' இந்த இட உணர்வைக் கணக்கிட்டுப் போலி செய்கிறது. அசலைக் கேட்க நியூயார்க் போகத் தேவையில்லை. டைல்ஸ் போட்ட குளியலறையில் தொலைபேசியில் தம்புரா செயலியைப் போட்டுவிட்டு, தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள்.